எத்தனை நாளாக வலி?

வலி வந்தது போன வாரம்தான். ஆனால் செம்பூர் நர்சிங் ஹோமில் டாக்டர் கேட்டதும் ஆபிதா யோசிக்கவே இல்லை. "ரெண்டு வருசமாத் துடிக்காவ டாக்டர்" என்று புருஷனுக்காக முந்திக்கொண்டு சொன்னாள்.

வேறென்ன சொல்வாள்? அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் என்றால் தலை நிமிராமலே வெள்ளை மாத்திரை எழுதித் தள்ளிவிடுவார்கள். வருஷக்கணக்காகச் சொன்னால்தான் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார்கள். தாராவியில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பழக்கம் காசு கட்டுகிற இடத்துக்கும் கூடவே வந்துவிட்டது.

புருஷன் மன்சூர் அலிக்குப் பித்தப்பையில் கல். தோல் பை தைக்கிற மெஷினை விற்றுத்தான் ஆபரேஷன் நடந்தது. அந்த மெஷின் ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஆனாலும் ஆபிதா தைரியமாக இருந்தாள். போன வருஷம்தான் ஊர்க்காரர் நயினார் காக்கா இருவர் பேரிலும் மெடிக்ளைம் பாலிசி போட்டுக் கொடுத்திருந்தார். பில்லைக் கொடுத்தால் பணம் வரும், வேறு மெஷின் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

பணம் வரவில்லை. காக்காவையும் இழுத்துக்கொண்டு பாலிசிக் கம்பெனி ஆபீசுக்கே போனாள். அங்கிருந்த ஆபீசர் மாட்டுங்கா தமிழர். ஆஸ்பத்திரிக் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு வருஷமா வலின்னு நீங்கதானேம்மா சொல்லியிருக்கேள்? பாலிசிக்கு முன்னாடியே இருந்த வியாதிக்குப் பணம் கிடையாது."

அது பொய் என்று நயினார் காக்கா கெஞ்சினார். வைத்தியத்துக்கு ஒரு பேச்சு, பணத்துக்கு ஒரு பேச்சா என்று ஆபீசர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஆபிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கொஞ்ச நாளுன்னா தொட்டுப் பாக்க மாட்டிய. ரொம்ப நாளுன்னா காசு தர மாட்டிய. எங்களுக்கு எத்தன நாளா நோவு இருந்தா ஒங்களுக்குச் சம்மதம்? சொல்லும், அதையே சொல்லுதோம்."

அந்த ஆள் கையை நீட்டி வாசலைக் காட்டினார். பாவி.

அவளுக்கே மூன்று மாதமாக அடிவயிறு குத்திக்கொண்டிருந்தது. மறுவாரம் தாங்க முடியாமல் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றாள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் இந்தியில் கேட்டார். அவள் பேரிலும் பாலிசி இருந்தது. ஆபீசரின் சிரிப்பு கண்முன் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் காலையிலருந்துதான்" என்றாள்.

டாக்டர் தலை நிமிராமல் வெள்ளை மாத்திரை எழுதினார்.