ஒத்துவராத புள்ளி

மாதிரிப் படகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமா போனில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. "எல்லாம் சுத்தமா வந்திருக்கு சார், ஒரு இடத்துலகூட பிசிறு இல்ல." அந்தப் பேச்சுக்குத் தொட்டித் தண்ணீரின் பாசி நாற்றமே தேவலை.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். இந்தச் சோதனைக்கூடத்துக்குத் தலைவரும் அவர்தான். நீளத் தொட்டியில் மாதிரிப் படகை மேலே தண்டவாளத்தில் ஓடும் இழுவண்டியோடு சேர்த்து ஓட்டி, அலை விட்டு, அது எப்படிப் போகிறது என்று அளப்பது எங்கள் பிழைப்பு. இப்போது பாதி ஓட்டங்களைத்தான் தண்ணீரில் ஓட்டுகிறோம். மீதியைப் பழைய அளவுகளைப் படித்த கணினி ஊகித்துச் சொல்கிறது. அதோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை, அதைப் பழக்கியவளே நான்தான். ஆனால் ஒத்துவராத அளவைப் பிழையென்று தானாகவே கழித்துவிடும்படி வைக்கச் சொன்னார் பாருங்கள் மாமா, அங்கேதான் வந்தது வினை. நேற்று பின்னாலிருந்து அலை விட்டபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிரவே இல்லை. கண்ணால் பார்த்தேன். காலையில் திரையில் அந்த ஓட்டத்தின் புள்ளியையே காணோம். எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி வழுவழுவென்று ஒரு கோடு.

"மாமா, அதை மறுபடி ஓட்டிப் பாத்துடலாம்."

"படகைக் கட்டின கயிறு எங்கயாவது மாட்டியிருக்கும். மெஷினே வேணாம்னு தள்ளிடுச்சு, உனக்கென்ன வந்துச்சு?"

"தள்ளச் சொன்னது நாமதானே? ஜனங்க ஏறப் போற படகு மாமா."

"உங்க அக்காகிட்ட சொல்லவா, தங்கச்சி என் பொழப்புல மண்ணள்ளிப் போடறான்னு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லிடுக்கில் ரொட்டித் துணுக்கு. சீ, இந்த வாய்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'எங்க வீட்டு இன்ஜினியர்' என்று என்னைப் பீற்றிக்கொள்கிறது.

படகு கட்டுகிறவர்கள் மத்தியானம் வந்தார்கள். இன்று அவர்கள் சரியென்றால் நாளையே நிஜப் படகுக்குத் தகடு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். "ஒரு ஓட்டம் காட்டும்மா, நல்லதா" என்றார் மாமா. 'நல்லதா' என்றால் படகு சாயாத ஓட்டம் என்று அர்த்தம். இழுவண்டியில் ஏறினேன். அக்கா முகம் வந்து நின்றது. நிற்கட்டும் என்று நேற்றைய வேகத்தையே வைத்தேன், நேற்றைய அலையையே விட்டேன்.

மாமா தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி கை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். படகு கிளம்பியது. அலைகள் ஒவ்வொன்றாக அதைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தன. வந்தவர்களில் ஒருவர் மட்டும் பேச்சை விட்டுவிட்டு மாமாவின் தோளுக்கு மேலாகத் தண்ணீரைப் பார்த்தார். பார்த்தபடியே அவருடைய தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.