பட்டியலில் மூக்கம்மா

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கதை பெருமாயியுடையது. நடுவில் வருகிற பொய் ஞானவேலுடையது. அந்தப் பொய் சொல்லப்பட்டபோது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது மட்டும்தான் என் பங்கு.

1983 ஆகஸ்ட். இலங்கையில் தமிழர்களை வெட்டுகிறார்கள், வீட்டோடு கொளுத்துகிறார்கள் என்று பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருந்தன. கொடைக்கானலில் நாங்கள் சிலபேர் சேர்ந்து உண்டியல் குலுக்கினோம். எனக்கு இருபத்துமூன்று வயது. பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். உண்டியல் குலுக்கிக் கூவுகிற தொண்டை எனக்கு இல்லாததால், சட்டையில் குத்துகிற காகிதக் கொடிகளையும் குண்டூசி டப்பாவையும் என் கையில் கொடுத்திருந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டியில் ஒரு காட்டோரம் காய்கறி லாரிக்காகக் காத்திருந்தேன். பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பெருமாயி.

"ஏலே, நீ அந்தக் கொடி குத்துன பய தான?"

"குத்துனது ஞானவேலுங்க. நான் கொடி வச்சிருந்தேன்."

"ரெண்டும் ஒரு சோலிதான்."

லாரி வந்து போயிற்று. நான் போகவில்லை. அவள் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் என் கையைப் பார்த்துக்கொண்டாள், எதையாவது நீட்டப்போகிறேனா என்று. இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டதும் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுதி? அத வச்சு யாருட்ட வசூல் பண்ணப்போற?"

அதைக் கேட்டபிறகும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "பனிப்போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்த மலைகளின் அரசி அன்று காலை…"

[வேண்டாம். கொடைக்கானலைப் பற்றி எழுதுகிற எவனும் பனியில்தான் ஆரம்பிக்கிறான். அன்று சுள்ளென்று வெயில் அடித்தது.]

இரண்டாவது: "கூடிழந்து கடல் கடந்த பறவை அவள்…"

[சீ. பெருமாயிக்கு முழங்கால் வலி, முன்பல் இரண்டு இல்லை. பறவையாம். உண்டியலை வைத்துக்கொண்டு நாங்கள் இந்த மாதிரிதான் பேசினோம். அதே வாய் இன்னும் எனக்குப் போகவில்லை.]

மூன்றாவது: பெருமாயி யாரையும் நம்பமாட்டாள்.

இது சரி. இதிலிருந்து போகலாம்.

பெருமாயி யாரையும் நம்பமாட்டாள். பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கான லய வீட்டில். 1974-இல் இரண்டு அரசாங்கமும் பேசி முடித்து, இந்தியாவுக்குப் போ என்று கையில் காகிதம் கொடுத்தார்கள். புருசன் மாடசாமியோடு கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினாள். இறங்கிய இடத்தில் வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் பாரம் பூர்த்தி செய்து தருகிறேன் என்று பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார். காகிதக்கட்டையும் வாங்கிக்கொண்டு, இந்த மரத்தடியிலேயே இருங்கள், வந்துவிடுகிறேன் என்றார். மூன்று நாள் இருந்தார்கள். அவனை நினைத்தால்கூட இப்போது அவளுக்குக் கோபம் வருவதில்லை. அந்த மூன்று நாளும் அவன் வருவான் என்று இருந்தோமே, அதுதான் இன்னும் ஆறவில்லை என்றாள்.

அப்புறம் யாரோ கொடைக்கானல் மலைக்குக் கூட்டிவந்து தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கிற வேலையில் விட்டார்கள். காட்டுக்குள்ளேயே குடிசை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்தைக்கு இறங்கலாம். ஊர்க்காரர்களுக்கு அவள் 'சிலோன்காரி'.

அக்கா மூக்கம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்கும் புருசன் அழகருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் காகிதம் வந்து சேரவில்லை. ஆறுமாதத்துக்கு ஒரு தரம் கடிதம் வரும். கலவரம் நடந்த அந்த ஜூலைக்கு அப்புறம் வரவில்லை.

3

சந்தையில் கோழிக்கடைக்கும் கருவாட்டுக்கடைக்கும் நடுவே ஆள் ஒருவர் போகிற அளவுக்கு ஒரு வழி. ஞானவேல் அங்கேதான் எங்களை நிறுத்தினான். "இங்கன நின்னா ஒருத்தரும் தப்ப முடியாது" என்றான். லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறவன் அவன். யாரை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவன். கேட்காமலே கொடியைக் குத்திவிடுவான். குத்தியபிறகு உண்டியலை நீட்டுவான். நெஞ்சில் கொடியோடு நின்றுகொண்டு காசில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சம்தானே. மீறிக் கழற்றினால், "தமிழ் ரத்தம் ஓடலையாய்யா?" என்று சந்தைக்கே கேட்கச் சத்தம் போடுவான்.

பெருமாயி எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அரிசி வாங்கியாயிற்று, கருவாடு வாங்கியாயிற்று. வேறு வழியாகப் போக முடியுமா என்று சுற்றிப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். ஞானவேல் அவளுடைய பழைய ஸ்வெட்டரில் கொடியைக் குத்திவிட்டான்.

"யாரக் கேட்டுய்யா குத்துன?"

"அம்மா, அங்க நம்ம சனம் செத்துக்கிட்டிருக்கு. ஒங்களால முடிஞ்சதப் போடுங்க."

"எங்கன?"

"இலங்கையிலம்மா. சிலோன்."

"சிலோன்ல எங்கன?"

அந்தக் கேள்வியை அதுவரை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. ஞானவேல் ஒரு நொடி தடுமாறினான். "கொழும்பு, யாழ்ப்பாணம்… எல்லா எடத்துலயுந்தான்."

"பதுளையில?"

"பதுளையிலயுந்தான்."

"பதுளையில எந்தத் தோட்டம்? நீ சொல்லு, நான் போடுறேன். நான் அங்கன பொறந்தவ."

பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு மூட்டையோடு நின்ற ஒருவர், "குடுக்க மனசில்லாட்டி ஒதுங்கும்மா, வெரசாப் போகணும்" என்றார். இன்னொருவர் குரலை உயர்த்தினார். "சிலோன்காரியாம்ல. அவ சனத்துக்கு அவளே குடுக்க மாட்டேங்குறா, பாத்துக்கங்க."

பெருமாயியின் முகம் கறுத்தது. "நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? போயிச் சேருமான்னு கேக்குறேன். பாரம் எழுதுறேன்னு வாங்கிட்டுப் போனவனையும் நாங்க பாத்திருக்கோம்."

இப்போது எல்லோரும் உண்டியலைப் பார்த்தார்கள். கொடி குத்திக்கொண்டவர்கள்கூட. ஞானவேலுக்கு அது தாங்கவில்லை.

"அம்மா, நாங்க சும்மா டப்பாவத் தூக்கிட்டு வரல. கரை எறங்குன ஆளுக பேரு பூராம் எங்ககிட்ட இருக்கு. லிஸ்டு." இடுப்பிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை உருவினான்.

பெருமாயியின் குரல் சட்டென்று இறங்கியது. "மூக்கம்மான்னு இருக்கா, பாருங்க தம்பி. புருசன் பேரு அழகர்."

அதுவரை 'நீ' என்று பேசியவள். தம்பி என்றாள், பாருங்க என்றாள்.

அவன் தாள்களைப் புரட்டினான். ஓரிடத்தில் விரலை வைத்தான். "இருக்கே. மூக்கம்மா… அழகர். ரெண்டு புள்ளைகளா?"

"மூணு."

"மூணுதான். மண்டபம் கேம்புல எறங்கியாச்சும்மா. நல்லாருக்காக."

"காட்டுங்க."

காட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் விரல் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குண்டூசி டப்பாவைப் பார்த்தேன். அவள் மடியில் முடிந்திருந்ததை அவிழ்த்து அப்படியே உண்டியலுக்குள் திணித்துவிட்டு, கொடியோடு நடந்து போனாள்.

4

(இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு வர வேண்டும். அடியில் போட்டால் நீங்கள் படிக்காமல் போய்விடுவீர்கள் என்பதால் இங்கேயே.)

அந்த நோட்டு, லாட்ஜில் சலவைக்குப் போகிற துணிகளின் நோட்டு. ஞானவேல் விரல் வைத்த வரியில் இருந்தது: தலையணை உறை, பதினாறு.

நான் ஏன் சொல்லவில்லை? எனக்கு அவன்மேல் இருந்த பயம் காரணமாக…

அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னால் ஒரு நல்ல காரியம் கெட்டுவிடும் என்று…

அவள் முகத்தில் அப்போது தெரிந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல்…

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றும் பிற்பாடு செய்துகொண்டவை. அந்த நேரத்தில் நான் எதையும் நினைக்கவில்லை. அடுத்த ஆளுக்குக் கொடி எடுத்துக் கொடுத்தேன்.

உங்களுக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கும்: உண்டியலை அவன் சுருட்டிவிட்டான், இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நிவாரணக் குழு அலுவலகம் வரைக்கும் அவனைவிட்டு அகலாமல் போனேன். உண்டியலைத் திறந்து கடைசிக் காசு வரை கொட்டிவிட்டு வெளியே வந்தான். டீ கூட அவன் காசில்தான் வாங்கிக் கொடுத்தான். அவனைத் திருடனாக்க முடிந்திருந்தால் இந்தக் கதையை எழுதுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

5

குடிசைக்குப் போனதும் பெருமாயி ஸ்வெட்டரைக் கழற்றாமலே சொன்னாள்: "நாள வெள்ளனே மண்டபம் போறேன்."

மாடசாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தப் பயக சொன்னதயா நம்புற? நீயா?"

"நம்பல. அதான் போயிப் பாக்குறேன்."

"நம்பலன்னா சும்மா கெட வேண்டியதுதான?"

"கெடக்க முடியலயே" என்றாள்.

[இந்த வசனம் நான் எழுதியதில்லை. என்னால் இப்படி எழுத முடிந்திருந்தால் இந்நேரம் நான் வேறு ஆளாகியிருப்பேன்.]

காலையில், பட்டை வேலையைக் கவனிக்கிற மேஸ்திரி நல்லுசாமி குடிசை வாசலிலேயே மறித்தார். பட்டை ஏற்றுகிற வாரம், ஒருத்தரும் காட்டைவிட்டு இறங்கக்கூடாது என்றார்.

"எங்கக்கா வந்திருக்காய்யா. ரெண்டே நாளு."

"யார் சொன்னா?"

உண்டியல்காரப் பயல் என்று சொன்னால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

"போறதுன்னா புருசனையும் கூட்டிக்கிட்டுப் போ. நாளைக்குக் குடிசைக்கு வேற ஆளு வருது."

அவள் மாடசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உள்ளே போய்ச் சட்டிபானையைக் கட்ட ஆரம்பித்தார். அவர் வில்பட்டியில் தெரிந்தவர் தோட்டத்தில் போய் இருப்பதாகவும், அவள் நேரே அங்கே வந்துவிட வேண்டும் என்றும் பேச்சு. பக்கத்துக் குடிசை முருகம்மாள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காசு கொடுத்தாள்.

வத்தலக்குண்டு, மதுரை, அங்கிருந்து ரயில். வழிநெடுக அவள் என்ன நினைத்தாள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எதிரில் உட்கார்ந்திருந்தவர் பேச்சுக்கொடுத்தபோது, திண்டுக்கல்லுக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். ரயில் போனது எதிர்த்திசையில்.

6

மண்டபம் அகதி முகாமைச் சுற்றிக் கம்பிவேலி. வாசலில் மேஜை போட்டு ஒரு கிளார்க். அவர் முன்னால் பெரிய பதிவேடு. இது நிஜமான பட்டியல்.

"யாரத் தேடுறீங்க?"

"மூக்கம்மா. புருசன் அழகர். பதுளை. மூணு புள்ளைக."

கிளார்க் வெகுநேரம் தேடினார். அவர் எவ்வளவு நேரம் தேடுகிறாரோ அவ்வளவுக்கு அவரை நம்பலாம் என்று பெருமாயிக்குத் தோன்றியதாம். விரல் ஓரிடத்தில் நின்றது.

"மூக்கம்மான்னு ஒண்ணு இருக்கு. புருசன் பேரு எழுதல. ஊரும் எழுதல. வந்தன்னிக்கு அந்தம்மாவுக்குப் பேச்சே வரல. கூட யாரும் இல்ல." ஆளை விட்டு அழைத்துவரச் சொன்னார்.

பெருமாயி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட யாரும் இல்லை என்றால் பிள்ளைகள்? அழகர்? அந்த உண்டியல்காரனை மனசுக்குள் ஐயா, சாமி என்று கும்பிட்டாள். நல்லாருக்காக என்றானே, அதை மட்டும் பொய்யாகச் சொல்லியிருப்பான் என்று நினைத்தாள்.

கொட்டகைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். சேலை கல்லில் தடுக்கியது, நிற்காமல் ஓடிவந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நெற்றியில் ஆறாத புண். அக்கா மூக்கம்மாவுக்கு ஐம்பதாகிறது.

"என்னத் தேடியா?" என்றாள் அந்தப் பெண். குரல் துருப்பிடித்த மாதிரி வந்தது. "எனக்கா ஆளு வந்திருக்கு? யாரு?"

அந்த மூக்கம்மா பேசிக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று, அழைத்துவந்த ஆள் ஆச்சரியமாகச் சொன்னார்.

கிளார்க் பெருமாயியிடம் கேட்டார்: "இவங்கதானாம்மா? சொந்தம்னு ரேகை வச்சா இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போகலாம்."

7

இந்த இடம் வரை சொன்னதும் பெருமாயி பூண்டை மூட்டை கட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. அவுக கேட்டாக, நான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"எதுக்குக் கேக்குற? இதுக்கும் எதாச்சும் லிஸ்டு வச்சிருக்கியா?"

அக்காவிடமிருந்து கடிதம் வந்ததா என்று மட்டும் கேட்டேன். தலையை ஆட்டினாள். மூன்று வருடமாக இல்லை.

ஒரு முடிவு: "இவ இல்ல" என்கிறாள். அந்தப் பெண் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் நிற்கிறாள். பெருமாயி திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடக்கிறாள். இதை எழுதிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

இன்னொரு முடிவு: "ஆமா" என்கிறாள். மரத்தடியில் ரேகை வைத்த அதே பெருவிரலை வைக்கிறாள். அப்படியென்றால் ஞானவேல் சொன்ன பொய்யும் இவள் சொல்கிற பொய்யும் ஒரே தராசில் ஏறிவிடுகின்றன. எனக்குச் சாதகமான முடிவு. அதனாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகம்.

அன்று வில்பட்டியில் பூண்டு பிரித்த பெண்கள் நான்கு பேர். ஒருத்தி முப்பது தாண்டியவள், தலைத்துண்டை நெற்றி மறைய இறக்கிக் கட்டியிருந்தாள். பேசவில்லை. குளிருக்காகவும் அப்படிக் கட்டுவார்கள். பேசாத பெண்கள் எங்கேயும் உண்டு. அவள் பேரை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுபடியும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

ஆகவே இதற்குமேல் நான் எழுதினால் அது இட்டுக்கட்டியதாகத்தான் இருக்கும். நீங்கள் வாருங்கள். பெருமாயிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மத்தியான வெயில், கடல்காற்றில் மணல் பறக்கிறது. கிளார்க்குக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மைப்பெட்டியைத் திறந்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண், "யாரு?" என்று இன்னொரு தரம் கேட்கிறாள்.

கேள்வி உங்களிடம்தான்.