பேப்பரில் இல்லாத ஊர்

பிரான்ஸ் அரசாங்கத்தின் பதிவுகளில் தவரத்தினம் என்ற மனிதன் நித்திரையே கொள்வதில்லை. பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். இரவில் ஒபர்வில்லியே கிடங்கொன்றில் துணிப்பொதி தூக்குகிறான். இரண்டு இடத்திலும் அவன் பெயருக்குச் சம்பளம் விழுகிறது. பகலில் போகிறவன் உண்மையான தவரத்தினம். இரவில் போகிறவன் நான்.

என் அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவனுக்குப் பத்து வருட வதிவிடக் கார்ட் கிடைத்தது. கார்டில் உள்ள படத்தையும் என் முகத்தையும் வெள்ளைக்காரன் பிரித்துப் பார்க்கமாட்டான் என்று நம்பினோம். அவன் பார்க்கவில்லை. பாரிசில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் ஒரு கார்டில் இரண்டு பேர் வேலை செய்வது புதினமான விஷயம் இல்லை. மகேந்திரராசா அண்ணையின் பலசரக்குக் கடையில் அவனுக்குப் பெயர் 'பகல்', எனக்குப் பெயர் 'இரவு'. காலையில் வேலை முடிந்து நான் கடைக்குள் நுழைந்தால் அண்ணை கத்துவார்.

"இரவு வந்திட்டுது, லைற்றைப் போடுங்கோ!"

நான் சிரிப்பதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சொல்லப்பட்ட எதையும் ஒரு தரத்தில் நம்பியதில்லை.

எண்பத்தேழு ஐப்பசியில் நியூயோர்க் பங்குச்சந்தை விழுந்தது. அரிசி மூட்டைகளுக்கு இடையில் தேத்தண்ணி குடிக்கும் எங்களுக்கு அதில் என்ன என்று கேட்கலாம். எங்களுக்கு அதை லூர்துசாமி ஐயா கொண்டுவந்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் தனியே இருந்தார், மகன் அமெரிக்காவில். ஒவ்வொரு காலையும் வலதுசாரிப் பேப்பர் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்கு வருவார். ஆசிரியர் பக்கத்தை விரித்து, பூசையில் வாசிப்பதுபோல ஒரு பந்தியை பிரெஞ்சில் வாசிப்பார். பிறகு தமிழில் சொல்வார். எங்களில் எவனுக்கும் அந்த மொழி தெரியாது. அவர் சொன்னதுதான் பேப்பர்.

"வரியைக் குறைச்சேன்னு மாரு தட்டினான் அமெரிக்காக்காரன். சரி, நல்ல காரியம். செலவைக் குறைச்சானா? இல்லை. கடனை வாங்கிக் கப்பல் கட்டினான். ஜப்பான்காரன் குடுத்தான். நாளைக்குத் திருப்பிக் கேப்பானா மாட்டானா? ஒரு குடும்பஸ்தன் இப்படிச் செஞ்சா பைத்தியம்னு சொல்லுவோம். ஜனாதிபதி செஞ்சா பொலித்திக்னு சொல்றோம்."

"இஞ்சை மட்டும் என்ன திறமே, ஐயா?" என்றார் மகேந்திரராசா அண்ணை.

"இங்கேயா? சொசியலிஸ்த் வந்து பேங்க்கை எல்லாம் வாங்கினான். இப்ப நம்மாளு வந்து விக்கிறான். வாங்கினதும் நம்ம காசு, விக்கிறதும் நம்ம சாமான். அதோட ஷொமாழ் காசு வேற! வேலை இல்லாதவனுக்கு வீட்டுக்கே காசு அனுப்பினா எவன்யா வேலை தேடுவான்?"

"அப்ப எனக்கும் ஒண்டு எழுதிப்போடுங்கோவன்," என்றான் தவரத்தினம். எங்களுக்கு அவன் தவம். எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து அவனைப் பார்த்தார்.

"நீ போற ஊரைப் பத்தியும் போட்டிருக்கான். ஹூஸ்டன். எண்ணெய் விலை விழுந்ததில இருந்து அங்க ஒண்ணும் இல்லை. சனங்க வீட்டுச் சாவியைக் கவர்ல போட்டு பேங்க்குக்கு அனுப்பிட்டு, விடியுறதுக்குள்ள ஊரைக் காலி பண்றாங்க. நாயைக் கட்டிப்போட்டுட்டே போயிடுறாங்க. யோசிச்சுப் போ."

தவத்துக்கு ஹூஸ்டனில் ஒன்றுவிட்ட அண்ணன் இருந்தான். பெற்றோல் நிரப்பும் செற் ஒன்று வைத்திருப்பதாகவும் உடனே வரும்படியும் தொலைபேசியில் சொல்லியிருந்தான். விசிற்றர் விசா கிடைத்துவிட்டது. மார்கழியில் பயணம். விமான நிலையத்தில் காட்டுவதற்கு கார்டைக் கையோடு கொண்டுபோவான். தை மாதம் கிடங்கில் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள், அப்போது அசல் கார்டை மேசையில் வைக்கவேண்டும். அவன் போனால் எனக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் வேலை இல்லை. இது எல்லோருக்கும் தெரியும்.

அதனால் ஐயா சொன்னதைக் கேட்டு எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பாரிசில் மேசையில் இருந்து கடனைப் பற்றி எழுதுகிறவனுக்கு, ஹூஸ்டனில் கட்டிப்போட்ட நாயை எப்படித் தெரியும்?

ஐயா கழிவறைக்குப் போன நேரம் பேப்பரை எடுத்தேன். பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஊர்ப்பெயர் எந்த மொழியிலும் ஊர்ப்பெயர்தான். அந்தப் பக்கத்தில் ஹூஸ்டன் இல்லை. ரெக்சாஸ் இல்லை. மற்றப் பக்கங்களையும் விரலால் தடவித் தேடினேன். இல்லை. அடுத்த நாளும் அவர் ஹூஸ்டன் என்றார். அடுத்த நாளும் தேடினேன்.

அன்று பின்னேரம் அறையில் தவத்திடம் சொன்னேன். "மனுசன் புளுகுது. பேப்பரிலை அப்பிடியொரு ஊரே இல்லை."

"ஏன் புளுகவேணும்?"

"அறை ஆற்றை பேரிலை?"

எங்கள் அறை ஐயாவின் பெயரில் இருந்தது. அகதிக்கு வீட்டுக்காரர்கள் அறை கொடுப்பதில்லை. பிரெஞ்சுக் குடிமகனான அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு எங்களுக்கு விட்டிருந்தார். ஒருவன் போனால் வாடகையில் துண்டு விழும். எனக்கு அது போதுமான காரணமாகப் பட்டது. தவம் தலையை ஆட்டினான். "கள்ளக் கிழவன்," என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. தனியே இருக்கும் மனிதர் எப்போதும் சின்னப் பை அரிசியும் ஒரு துண்டு மீனும்தான் வாங்குவார். சில மாதமாகப் பெரிய பை. மீன் முழுசாக. சவர அலகு இரண்டு பெட்டி. வீட்டில் வேறு யாரையோ வைத்து வாடகை எடுக்கிறார் என்று நினைத்தேன். எங்களைத் துரத்திவிட்டு அறையை அவனுக்குக் கொடுக்கப்போகிறாரோ என்றும் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கார் து நோர் நிலையத்தில் அவர் ஏறிய ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறினேன்.

லெ பிளாங்-மெனிலில் அவருடைய கட்டடத்தின் லிப்ட் வேலை செய்யவில்லை. அவர் கதவைச் சாத்தி மூச்சுவிடுவதற்குள் தட்டினேன். திறந்தது அவரில்லை. அவருடைய மூக்கு, அவருடைய நெற்றி, நாற்பது வயது. மேசையில் இன்னும் பிரிக்காத பயணப்பை. ஐயா இன்னும் மேலங்கியைக் கழற்றவில்லை. கையில் மீன்.

எமில். கடையில் அந்தப் பெயரை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய்க் கம்பனியில் பெரிய உத்தியோகம், குளம் வைத்த வீடு என்று ஐயா சொல்லாத நாளில்லை.

"எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஜூய்யே," என்றான் எமில். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆடி மாசம். கம்பனி மூடிட்டான். வேலை போனா விசாவும் போச்சு. சாவியைக் கவர்ல போட்டு பேங்க்குக்கு அனுப்பினேன். வாலா, அவ்வளவுதான்."

"நாய்?"

அவன் தகப்பனைப் பார்த்தான். "அதையும் சொன்னீங்களா, பப்பா?"

ஐயா மீனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். "பேப்பர்ல போட்டிருக்குன்னா கேப்பானுங்க. என் மவன் சொன்னான்னா, இவன் இங்க உக்காந்திருக்கிறதையும் சொல்லணும். சொல்ல முடியாது, தம்பி. ஷொமாழுக்கு எழுதிப்போடவும் நான் விடலை. அத்தனை பேர் முன்னாடி பேசிட்டேன். நீ பார்த்ததை வெளியில சொல்லாதே."

வாக்குக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் விஷயம் எளிதாகத்தான் தெரிந்தது. கிழவர் சொன்னது உண்மை. தவத்தைத் தடுக்கவேண்டும். அறைக்குப் போனதும் சொன்னேன்.

"ஹூஸ்டன் கதை மெய்யடா. போகாதை."

அவன் உடுப்புப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான். "போனகிழமை புளுகெண்டாய்."

"இப்ப தெரியும்."

"ஆர் சொன்னது?"

"அது சொல்லேலாது."

"சொல்லேலாது," என்று திருப்பிச் சொன்னான். "எடேய், நான் கோப்பை கழுவிறனான்தான், மொக்கன் இல்லை. தை மாசம் வருகுது. உனக்கு என்ரை பேர் வேணும். அதை நேரை கேளன். ஏன் அமெரிக்காவை இழுக்கிறாய்?"

"பேருக்காகச் சொல்லேல்லை."

"அப்ப ஆர் சொன்னதெண்டு சொல்லு."

ஐயாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் பெட்டியைப் பூட்டினான்.

மறுநாள் ஐயாவைத் தனியே பிடித்து, நான் சொன்னால் அவன் நம்பமாட்டான் என்றேன். கேட்டுக்கொண்டார். அதற்கடுத்த காலை பேப்பர் இல்லாமல் கடைக்கு வந்தார். பின்னால் எமில் வந்தான். மகேந்திரராசா அண்ணை பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார், கரண்டி கையிலேயே நின்றது.

"இவன் என் மவன்," என்றார் ஐயா. "ஹூஸ்டன்ல இருந்தவன். இப்ப என் வீட்ல இருக்கான். வேலை இல்லை." பட்டாளத்தில் அதிகாரிக்கு முன் அறிக்கை சொல்வதுபோலச் சொன்னார். "நான் பேப்பர்ல இருக்குன்னு சொன்னது பொய். இவன் சொன்னதைத்தான் சொன்னேன். கேட்டுக்க, தம்பி."

தவம் எமிலை மேலும் கீழும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எவ்வளவு குடுத்தனி?"

"என்ன?"

"இந்த நடிப்புக்கு. ஐயாவின்ரை மகன் அங்கை இஞ்சினியரெல்லோ? குளம் வைச்ச வீடெல்லோ? ஒரு வருசமாய்க் கேட்டனாங்கள். இப்ப எனக்குப் பயண நாள் வரேக்கை மகன் முளைச்சு வாறார். பேப்பரிலை இல்லையெண்டு நீதானே எனக்குச் சொன்னனி? ஐயாவுக்கு அறை, உனக்குப் பேர். இவருக்கு என்ன பங்கு?"

"விசர்க்கதை கதையாதை," என்றார் மகேந்திரராசா அண்ணை. ஆனால் அவரும் எமிலின் முகத்தில் எதையோ தேடினார். சப்பாத்தைப் பார்த்தார். அமெரிக்காவில் இருந்து வந்தவன் போடும் சப்பாத்தா என்று.

எமில் கையைச் சட்டைப்பையில் விட்டபடி நின்றான். "போ," என்றான். "போய்ப் பாரு. நான் சொல்லிட்டேன்."

ஐயாவின் முகம் சிவந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் மானத்தைக் கழற்றி வைத்தார், ஒருவனும் எடுத்துப் பார்க்கவில்லை. மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

மார்கழியில் தவரத்தினம் போனான். கார்டும் போனது. கதவடியில், "இனி உன்ரை பேரிலை இரு," என்றான். அவன் அதைப் பகிடியாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது.

தை மாதம் கிடங்கில் மேற்பார்வை செய்யும் அந்துவான் அசல் கார்டைக் கேட்டான். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். மறுநாள் நான் போகவில்லை.

லூர்துசாமி ஐயா சில கிழமைகள் கடைப்பக்கம் வரவில்லை. வந்தபோது பேப்பர் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. என்னைக் கடைக்கு வெளியே, மெத்ரோப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"அந்தக் கிடங்குல உன் இடம் காலியாத்தானே இருக்கு?"

"ஓம்."

"எமில்கிட்ட பிரெஞ்சு பேப்பர் எல்லாம் இருக்கு. யாரைப் பார்க்கணும்?"

வாசலையும் அந்துவானின் பெயரையும் சொன்னேன். அடுத்த திங்கள் எமில் வேலையில் சேர்ந்தான். சொந்தப் பெயரில்.

அதன்பிறகு படுக்கையில் கிடந்து யோசித்தேன். பட்டாளத்தில் ஆட்களை அறிந்து பழகிய மனிதர். போகாதே என்று சொன்னால் தவம் போவான், என் இடம் காலியாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? மகனைக் கூட்டிவந்து காட்டினால் எவனும் நம்பமாட்டான் என்றும்? அப்படியென்றால் அந்தச் சிவந்த முகம்? சில நாட்கள் அவர் யோக்கியர் என்று முடிவு செய்வேன். அப்போது, என் வேலை போனபின் அறை வாடகையை அவர் கேட்காமல் விட்டது நினைவு வரும், ஏன் விட்டார் என்று மறுபடியும் தொடங்குவேன்.

தவத்தைப் பற்றி இரண்டு கதை வந்தது. பெற்றோல் செற்றில் முதலாளிபோல இருக்கிறான் என்றொன்று. அண்ணனின் செற் பூட்டிக்கிடக்கிறது, ரொறொன்ரோவுக்குக் களவாக ஏறிவிட்டான் என்றொன்று. இரண்டையும் சொன்னவர்களிடம் ஆர் கண்டது என்று கேட்டேன். ஒருவரும் காணவில்லை.

பங்குனியில் ஐயா மறுபடியும் பேப்பரோடு வந்தார். அரசாங்கத்தைத் திட்டவில்லை. அதை மடித்தபடியே மூட்டைமேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார்.

"உன் மனுவைத் திரும்பப் போடலாம்னு எமில் சொல்றான். பிரெஞ்சுல ஒழுங்கா எழுதினா எடுப்பாங்களாம். உன் சொந்தப் பேர் என்ன, தம்பி?"

மகேந்திரராசா அண்ணை கல்லாவில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் தெரியாது. பேனாவின் மூடி கழன்றிருந்தது.

"ஏன் கேக்கிறியள்?" என்றேன்.