மூன்றாம் ஜன்னலில் எத்தெல்வினா

எத்தெல்வினா ஒஸ்பினோவின் சவப்பெட்டி, கல்லறைத் தோட்டத்தை நோக்கித் தூக்கியபோது ஒன்பது சிமெண்ட் மூட்டை கனம் கனத்தது. அரசு வழக்குத்துறை அலுவலகத்தின் பக்கம் திருப்பியபோது இரண்டு பேர் தூக்கும் கனத்துக்கு வந்தது. சாந்தா ரூஃபீனா என்ற ஆற்றுத்துறை ஊரில் அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, சுள்ளென்ற வெயில். சுமந்த எட்டுப் பேரும் மகனையோ அண்ணனையோ கொலைக்குப் பறிகொடுத்து, அவளோடு அந்த அலுவலகத்துக்கு வருடக்கணக்கில் நடந்தவர்கள். ஆகையால் அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவளுடைய கணவன் அனிபால் மெர்காதோதான் நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். "பாத்தீங்களா? செத்த அன்னிக்காவது போற எடத்துக்கு நேரா போவான்னு நெனச்சேன். ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வர்றேன்னு கெளம்பிட்டா!" பெட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுமந்தவர்களை இழுத்துக்கொண்டு போய், மூன்றாம் எண் ஜன்னலுக்கு முன்னால் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத்தான் இருபது வருடமும் போனாள். வக்கீல் படிப்பெல்லாம் கிடையாது, தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். கொலையுண்டவரின் வீட்டார் அந்த ஜன்னலுக்குத் தனியாகப் போகக் கூடாது என்று யாரும் சொல்லாமலே முடிவு செய்துகொண்டு, மடக்கு ஸ்டூலும் ஒரு பிளாஸ்க் கறுப்புக் காப்பியும் எடுத்துக்கொண்டு கூடவே போய் உட்காருவாள். "மொதல்ல சாப்புடு. நாலு மணி வரைக்கும் காக்க வெப்பானுங்க, மயங்கி விழுந்தா இன்னும் வசதி அவனுங்களுக்கு" என்று வேகவைத்த மரவள்ளியும் பாலாடைக்கட்டியும் கையில் திணிப்பாள். ஜன்னலில் கோப்பு எண்ணைக் கூவினால் எழுந்திருக்கவே மாட்டாள். "நம்பரையா குத்திக் கொன்னாங்க? பேரச் சொல்லிக் கூப்புடு" என்பாள். எழுத்தர் நீல்சா பல்லைக் கடித்துக்கொண்டு செத்தவரின் முழுப்பெயரைச் சொல்லுவாள், அதன் பிறகுதான் அந்த ஸ்டூல் மடங்கும். இரண்டு அதிகாரிகள் அவளால் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். பதினேழு கொலைகாரர்கள் அவளால் சிறைக்குப் போனார்கள். வீட்டில் மின்விசிறி பழுது பார்க்கும் அனிபால் தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். சமையலறையில் எப்போதும் யாரோ ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள், உப்பு எடுக்கக்கூட அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். "ஊர்ல எவன் செத்தாலும் என் மீன் சூப்புதான் ஆறிப்போவுது" என்று அவன் சொல்லாத நாள் இல்லை.

முதல் நாள் மாலை நான்கு மணிக்கு ஜன்னலின் இரும்புக் கதவை இறக்கினார்கள். அது பெட்டியின் உயரம் வரைக்கும் வந்துவிட்டுத் தானாக மேலே போய்விட்டது. மறுநாளும் அதே கதைதான். கதவு மூடவில்லை என்ற செய்தி பரவ, கோப்பு தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் எல்லாம் வந்து பெட்டிக்குப் பின்னால் வரிசை பிடித்தன. திறந்திருக்கும் ஜன்னலில் எதிரே ஆள் நிற்கும்போது பதில் சொல்லாமல் என்ன செய்வது? நான்கு வருடத்தில் நகராத காகிதங்கள் மூன்று நாளில் நகர்ந்தன. அத்தனை வெக்கையிலும் பெட்டியிலிருந்து காப்பி வாசம்தான் வந்தது. தலைமை அதிகாரி வியாழக்கிழமை பொறுமையிழந்து வெளியே வந்து, "அய்யா, தயவு செஞ்சு உங்க சம்சாரத்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். "இருபது வருஷமா நானும் அதத்தான் கேக்குறேன்" என்றான் அனிபால். "என் பேச்சக் கேட்டாளா? நீங்க சொல்லிப் பாருங்க, அதிகாரி சொன்னாலாச்சும் கேக்குறாளான்னு." பேசிவிட்டு, சும்மா உட்கார முடியாத எரிச்சலில், ஆறு வருடமாக ஓடாத அந்தக் கூடத்து விசிறியைக் கழற்றி ஓட வைத்தான்.

ஆனால் அவள் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே அவனுக்குத் தெரியும். அவனுடைய தம்பி தோபியாஸ் கொலையுண்டு வெள்ளிக்கிழமையோடு இருபது வருடம். அந்த ஊர்ச் சட்டப்படி, ரத்த உறவு ஒருவர் வந்து கோப்பை முழுக்க வாசிக்கக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இருபதாம் வருடம் மாலை நான்கு மணிக்குக் கோப்பு அடுப்புக்குப் போகும், கொன்றவன் நிம்மதியாக மீன் பிடிக்கப் போகலாம். வருடாவருடம் எத்தெல்வினா அதற்கான அழைப்புக் காகிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், வருடாவருடம் அவன் அதன் மேல் சூப்புக் கிண்ணத்தை வைத்தான். தம்பி செத்த அன்றைக்குப் பழுது பார்த்த விசிறியைக் கொடுத்துவிட்டு வரப் போக வேண்டியவன் அவன்தான். பந்து விளையாட்டைப் பார்க்க வேண்டும் என்று சோம்பல்பட்டுத் தம்பியை அனுப்பினான். அதைப் பக்கம் பக்கமாக யாரோ வாசிக்க, உட்கார்ந்து கேட்க வேண்டுமாம்! அவனால் முடியாது, அவ்வளவுதான். சொந்த வீட்டுக் கோப்பை அவன் திறக்க விடாததால்தான் அவள் ஊரார் கோப்புக்கெல்லாம் போனாள். இதுவும் அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் வரிசை தீர்ந்தது. பெட்டி நகரவில்லை. எத்தெல்வினா இத்தனை வருடத்தில் கொண்டுவந்த இருநூற்றுப் பதினொரு பெயர்களையும் நீல்சா ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தாள், பெட்டி அசையவே இல்லை. மணி மூன்றேகால். "அனிபால் அண்ணே, மிச்சம் ஒரு பேருதான் இருக்கு. சொல்லட்டுமா?" என்றாள். பெட்டிக்குள்ளிருந்து மூன்று முறை நகத்தால் தட்டும் சத்தம் கேட்டது. சமையலறை மேசையில் அவள் தட்டுகிற அதே தட்டு. அனிபாலுக்கு வந்ததே ஆத்திரம். "ஏன்டி உயிர வாங்குற? கட்டுன முப்பத்தோரு வருஷம் பத்தலையா? என்னை நிம்மதியா அழக்கூட விட மாட்டியா? வாசிச்சா அவன் வந்துருவானா?" என்று கத்தினான். பிறகு, சுவரோரம் இருந்த அவளுடைய மடக்கு ஸ்டூலை விரித்து உட்கார்ந்தான். "வாசிம்மா" என்றான்.

"தோபியாஸ் மெர்காதோ" என்று நீல்சா கூப்பிட்டாள். பெட்டி ஒரு கையளவு எழும்பி நின்றது.

மொத்தம் பதினொரு பக்கம். கத்திக்குத்துகள் எத்தனை என்பதும், பேருந்து நிறுத்தத்தின் விளக்கு எரியவில்லை என்பதும், பணப்பை இல்லை என்பதும் இருந்தன. அவன் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டான். ஏழாம் பக்கத்தில் விசிறிக்குச் சொந்தக்காரரின் வீட்டம்மா சொன்ன வாக்குமூலம். பையன் விசிறியை மாட்டிவிட்டு, காற்று சரியாக வருகிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி அதன் கீழேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். குடிக்கச் சர்க்கரை போட்ட புளிச்சாறு கொடுத்தேன், இன்னொரு டம்ளர் இருக்கா என்று கேட்டான். எங்க அண்ணன் கை பட்டா செத்த மோட்டாரும் ஓடும் என்று பெருமையடித்துக்கொண்டான். நன்றாகச் சிரித்துக்கொண்டேதான் போனான்.

"எப்பவும் ரெண்டாவது டம்ளர் கேப்பான்" என்றான் அனிபால். "எங்க போனாலும். மானத்த வாங்குவான்." இருபது வருடத்தில் முதல் தடவையாக அவன் தம்பியைப் பற்றிப் பேசினான், பேசிக்கொண்டே ஏங்கி ஏங்கி அழுதான். ஏழாம் பக்கத்தின் ஓரத்தில், 'இதை மட்டுமாவது அனிபால் கேட்கணும்' என்று பென்சிலால் எத்தெல்வினாவின் கையெழுத்தில் இருந்தது. நான்கு அடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டான்.

அதன் பிறகு பெட்டியைத் தூக்க நான்கு பேர் போதுமாக இருந்தது. ஐந்து மணிக்குள் புதைத்துவிட்டு எல்லாரும் போய்ச் சாப்பிட்டார்கள். விசாரணை மறுபடி தொடங்கி, இரண்டாம் வருடம் ஆற்றுக்கு மேல்கரையில் ஓர் ஆளைப் பிடித்தார்கள், வழக்கு நடக்கிறது. மூன்றாம் ஜன்னலின் இரும்புக் கதவு, எதிரே ஒரே ஒருவர் காத்திருந்தாலும் இறங்குவதில்லை. இரண்டு முறை ஆள் வைத்துப் பழுது பார்த்துவிட்டு, அலுவலகம் அதற்கேற்ப வேலை நேரத்தை மாற்றிக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இப்போது அனிபால் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பிளாஸ்கில் காப்பியை நிரப்பி, ஆறுகிற சூப்பை மூடி வைத்துவிட்டுக் கிளம்புகிறான். போன வாரம் ஊருக்குப் புதிதாக வந்த எழுத்தர் பையன் ஒருவன் அந்த ஜன்னலில் நாற்பத்தெட்டு என்று கூவினான். அனிபால் எழுந்திருக்கப் பார்த்தான், ஸ்டூல் அவனை விடவில்லை. "எனக்குத் தெரியும்டி, சொல்றேன் இரு" என்று அதனிடம் முணுமுணுத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து, "தம்பி, பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்றான்.