லூப் லைனுக்கு ஒதுங்காதவர்கள்

ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே தண்டவாளத்தில் நடந்து போகும் குடும்பத்தை ரயில் என்றுதான் பதிவு செய்வார்கள். நயினாருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. எஞ்சின் அவர்தான். பின்னால் மனைவி கோமதி, புளியோதரைத் தூக்குடன். கடைசியில் மகள் வடிவு. அவளைத்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட வேண்டும்.

யார் வீட்டுப் படியை யார் முதலில் மிதிப்பது என்ற வழக்கு மூன்று வருஷமாகத் தீரவில்லை. அதனால் இரண்டு குடும்பமும் அவரவர் ஊரிலிருந்து கிளம்பி, நடு ஸ்டேஷனில் சந்திப்பதாக ஏற்பாடு.

நயினார் ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார். 'துணை'யை ஓய்வுபெற்ற அன்றே கழற்றி வைத்துவிட்டார். வளைவு வந்ததும் கனைத்தார். புகை வந்தது.

நடு ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்புக் கொடியோடு நின்றார்.

"அண்ணாச்சி, பக்கத்துல லூப் லைன் இருக்கு. ஒதுங்கி வழிவிடுங்க. எதுத்தாப்புல எக்ஸ்பிரஸ் வருது."

"எக்ஸ்பிரஸா? யாரு?"

"மாப்பிள்ள வீடு."

"அப்ப நாங்க?"

"பொண்ணு வீடு என்னைக்கும் பாசஞ்சர்தான. இந்தச் சட்டத்த நானா போட்டேன்?"

"தாசில்தாரா இருந்தவன்வே நான். ஒதுங்கிப் பழக்கம் கெடையாது."

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா குற்றாலலிங்கம் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பின்னால் ஐந்து பெட்டிகள். மூன்றாவது பெட்டி மாப்பிள்ளை. இரண்டு எஞ்சினுக்கும் நடுவே ஒரு சாண்.

"சம்பந்தி, கொஞ்சம் பின்னால போங்க."

"அதத்தான் சம்பந்தி நானும் சொல்லுதேன்."

மூன்று மழைக்காலம் போனது. ஆறு ஏறியது, இறங்கியது. புளியோதரை சூடு ஆறவில்லை. கோமதி எதிர்ப் பெட்டிகளுக்கும் பரிமாறினாள். ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றலாகிப் போய், பதவி உயர்வோடு அதே ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தார். நயினாரின் முழங்கால்வரை கோரை வளர்ந்திருந்தது.

"யப்பா, லூப்பு சும்மாதான கெடக்கு. அதுல போயிருவோமே," என்றாள் வடிவு.

"ஏட்டி, மானம் போயிரும்."

"மானம் இங்கயே நிக்கட்டும். நான் போறேன்."

அம்மாவின் முந்தானையிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டாள். நேரே மூன்றாவது பெட்டியிடம் போனாள்.

"வாறீங்களா?"

"அப்பாவக் கேக்கணும்."

"கேளுங்க."

அவன் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். வடிவு மூன்று நாள் காத்திருந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் இரும்பு வளையத்தை எடுத்து அவள் தோளில் மாட்டினார். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அடுத்த ஸ்டேஷன்வரை போகலாம். பச்சைக் கொடி அசைந்தது. வடிவு திரும்பி வந்து லூப் வழியே சுற்றி, இரண்டு எஞ்சினையும் தாண்டிப் பாலத்தில் ஏறினாள்.

"ஏட்டி நில்லு! எஞ்சின் இல்லாம எப்பிடிட்டி போவ?"

அவள் நடையில் பாலம் முழுக்க அதிர்ந்தது.

"எங்க வண்டி எப்ப கெளம்பும்வே?" என்றார் நயினார்.

"நீங்க வண்டி இல்ல அண்ணாச்சி. இத்தன நாள் ஒரே எடத்துல நின்னா ஸ்டேஷன்னுதான் எழுதணும். எழுதியாச்சு."

இரண்டு பேர் ஸ்டேஷன் பேர் எழுதிய மஞ்சள் பலகை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். ஒரு முனையை நயினார் கழுத்திலும் மறுமுனையைக் குற்றாலலிங்கம் கழுத்திலும் கட்டினார்கள்.

"எம் மக திரும்பி வருவாள்ல?"

"வரும். இங்க நிக்காது."

நயினாருக்குக் கண் கலங்கியது. பலகையைப் பார்க்கக் குனிந்தார். கழுத்து வளையவில்லை.

"கோமதி, போர்டுல யாரு பேரு மொதல்ல இருக்கு?"

கோமதி தூக்கை எடுத்துக்கொண்டு லூப் லைனில் இறங்கிக்கொண்டிருந்தாள்.