ஒரே பேருல ரெண்டு பேரு

எல்லாரும் எப்படி இருக்கீங்க? உடம்பு சௌகரியமா? முட்டி வலிக்காரங்க காலை நீட்டி உக்காந்துக்கோங்க. சளி பிடிச்சவங்க பக்கத்துல சுடுதண்ணி வச்சுக்கோங்க. இன்னைக்கு எலெக்‌ஷன் கதை. கட்சி கிட்சியெல்லாம் இல்ல, பயப்படாதீங்க. ஒரு வார்டு, அதுக்கு ஒரு கவுன்சில் சீட்டு, அதுல மொதத் தடவையா நின்ன ஒரு பொம்பள. அவ்வளவுதான்.

அவ ஸ்கூல் வேன் ஓட்டுறவ. வீட்டுல அவளுக்குப் பேரு பெரியவ. நிஜப் பேரு ஒண்ணு இருந்துச்சு, ஆனா அது வீட்டுக்குள்ள செல்லல. ஏன்னு கேளுங்க. கொழுந்தனுக்குப் பொண்ணு பாத்துட்டு வந்த மாமியார் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்களாம். "பொண்ணு லட்சணமா இருக்கா, குணம் தங்கம், ஆனா பேரு மூத்தவ பேரேதான்டா! நான் ஒரு சத்தம் குடுத்தா என்ன ஆகும்? அவ வருவான்னு இவ படுத்துக்குவா, இவ வருவான்னு அவ படுத்துக்குவா."

அன்னையில இருந்து ஒருத்தி பெரியவ, ஒருத்தி சின்னவ. ரெண்டு பேருமே பேருக்குப் பின்னால மாமனார் பேரைத்தான் போட்டுக்கிட்டாங்க, அதனால எழுத்துலயும் வித்தியாசம் கிடையாது. தபால்காரர் வந்தா "பெரிய அம்மாவுக்கா, சின்ன அம்மாவுக்கா?"ன்னு வாசல்ல நின்னு கேப்பாரு. மாமியார் போய்ச் சேந்துட்டாங்க, அவங்க வச்சது மட்டும் நிலைச்சுப் போச்சு.

தெருவுல பெரியவளுக்கு இன்னொரு பேரு, வேன்காரக்கா. வேன்ல ஏறுற குட்டிகளுக்கும் அக்கா, குட்டிகளைக் கொண்டுவந்து விடுற தாத்தாக்களுக்கும் அக்கா. பல்லு போன தாத்தா "அக்கா, ஒரு நிமிஷம்"ங்கும்போது அவளுக்கே சிரிப்பு வரும்.

சரி, அவ எதுக்கு எலெக்‌ஷன்ல நின்னா? ஸ்கூல் முக்குக்காகத்தான். அந்த முக்குல மாவு மில் லாரிங்க திரும்பும். அந்த லாரிக்கு பிரேக் இருக்கோ இல்லையோ, ஹாரன் மட்டும் பிரமாதமா இருக்கும். ஒரு மழை நாள்ல ஒரு புள்ளையோட பையை லாரி கொக்கி போட்ட மாதிரி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பை தோள்ல இல்லாம கையில இருந்ததால, போனது பை மட்டும். பெரியவ அதை வேன் கண்ணாடியில பாத்தா. 

நேரா வார்டு மெம்பர்கிட்ட போனா. மெம்பர் யாருங்கிறீங்க? மில்லுக்காரரேதான். லாரியும் அவரோடது, ரோட்டைக் கவனிக்கிற சீட்டும் அவரோடது.

"ஸ்கூல் விடுற நேரத்துல மட்டும் லாரியைப் பின்பக்க ரோட்டுல விடுங்கய்யா. முக்குல ஒரு சிக்னல் போடுங்க"ன்னா.

"பாத்துக்கலாம்மா."

"நாங்க பாத்துக்கிட்டேதான்யா இருக்கோம்"னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டா.

அடுப்படியில வந்து பொரிஞ்சு தள்ளும்போது சின்னவதான் சொன்னா. "அக்கா, அவர் நாற்காலிக்கு முன்னாடி போய் ஏன் நிக்கிற? அந்த நாற்காலியில நீயே உக்காந்துக்கோயேன்."

"போடி இவளே. எனக்கு வேன் சீட்டே போதும், முதுகு வலிக்கு அதான் பழகிப்போச்சு."

"இல்லக்கா. நீ நின்னா இந்த வார்டே உனக்குத்தான் போடும். நான் இருக்கேன்ல?"

அந்த 'நான் இருக்கேன்ல'தான் பெரியவளை எலெக்‌ஷன்ல இறக்கிவிட்டுச்சு. நகமும் சதையுமா இருந்தவளுங்க. ஒருத்திக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தி கஞ்சி வைப்பா. இவ சொன்னா அவ நம்பாம எப்படி இருப்பா?

சின்னவ ஜெராக்ஸ் கடையில வேலை பாத்தா. நோட்டீஸ் அடிக்கிறது அவ பொறுப்பு. அதுல பெருசா 'உங்கள் வேன்காரக்கா'ன்னு போட்டு, கீழ எறும்பு ஊர்ற மாதிரி குட்டியா நிஜப் பேரைப் போட்டிருந்தா.

"பேரு கண்ணுக்கே தெரியலையேடி?"

"உன் பேரு யாருக்குக்கா தெரியும்? நம்ம வீட்டு நாய்க்குட்டிக்கே தெரியாது. வேன்காரக்கான்னாதான் ஓட்டு."

பெரியவளும் சிரிச்சுட்டா. ஒண்ணு சொல்ல மறந்துட்டேனே, அங்க ஓட்டுச் சீட்டுல படம், சின்னம் எதுவும் கிடையாது. பேரு மட்டும்தான். அதை அவளும் அப்போ யோசிக்கல.

ரெண்டு பேரும் வீடு வீடா ஏறி இறங்கினாங்க. "ஜெயிச்சுட்டா வேனை யாருக்கா ஓட்டுவா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "நானேதான். மீட்டிங்குக்கும் வேன்லதான் போவேன். தூங்குற மெம்பர் வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சு எழுப்பி ஏத்திக்கிட்டும் போவேன்"னா. மனுஷன் கதவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. புருஷன் டயர் கடை வச்சிருந்தாரு. கடைச் சுவத்துல நோட்டீஸை ஒட்டி, வர்றவங்ககிட்ட "எங்க வீட்டம்மா"ன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டாரு. கொழுந்தனுக்குத்தான் அப்போ வேலை இல்ல. வேலை செஞ்ச இடம் மூடிப்போய் வீட்டுல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தான்.

பேரு குடுக்கிற கெடு முடிஞ்சது, யார் யார் நிக்கிறாங்கன்னு பட்டியல் இன்னும் ஒட்டல. ஓட்டுச் சீட்டுல யார் பேரு மேல, யார் பேரு கீழன்னு குலுக்கிப் பாக்கிற நாள் வந்துச்சு. கவுன்சில் ஆபீஸ்ல ஒரு ஹால், வரிசையா பிளாஸ்டிக் நாற்காலி, மேல ஒரு ஃபேன் கிரீச் கிரீச்னு சுத்துது. மில்லுக்காரர் முன் வரிசையில கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தாரு. பெரியவ ஓரமா உக்காந்தா. திரும்பிப் பாத்தா பின்னாடி சின்னவ. கடைக்கு லீவு போட்டுட்டு நமக்காக வந்திருக்காளேன்னு பெரியவளுக்கு நெஞ்சு குளுந்துபோச்சு.

எலெக்‌ஷன் நடத்துற ஆபீசரம்மா பேரைப் படிச்சாங்க. பெரியவ எழுந்தா. பின்னாடி இன்னொரு நாற்காலியும் நகர்ற சத்தம் கேட்டுச்சு.

"நீ உக்காருடி. என்னைத்தான் கூப்பிடுறாங்க"ன்னா பெரியவ, மெதுவா.

"என்னையும்தான்க்கா."

"என்னடி உளர்ற?"

ஆபீசரம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, "ஒரே பேருல ரெண்டு பேரு இருக்கீங்க. ரெண்டு பேரும் வந்து ஆளுக்கொரு சீட்டு எடுங்க"ன்னாங்க. அவங்களுக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். மில்லுக்காரர் திரும்பியே பாக்கல. அவருக்குத்தான் தெரியுமே, எதுக்குத் திரும்பணும்?

குலுக்கல்ல சின்னவளுக்கு மொத இடம். மில்லுக்காரருக்கு நடு இடம். பெரியவளுக்குக் கடைசி.

பெரியவ ஆபீசரம்மாகிட்ட கெஞ்சிப் பாத்தா. "என் பேரு பக்கத்துல வேன்னு ஒரு வார்த்தை போடுங்கம்மா." அதுக்கு வழி இல்லன்னுட்டாங்க. ஒருத்தருக்கு வேன் போட்டா, நாளைக்கு இன்னொருத்தர் டாக்டர்னு போடச் சொல்லுவாராம். நியாயம்தான், என்ன பண்றது.

மாடிப்படியில வச்சு பெரியவ சின்னவளோட கையைப் பிடிச்சு நிறுத்தினா. "யாருடி இதைச் செய்யச் சொன்னது?"

 சின்னவ கடகடன்னு கொட்டினா. "நான் நின்னா எங்க வீட்டுக்காரருக்கு மில்லுல லாரி ஓட்டுற வேலை குடுக்கிறாங்க. நிரந்தரமா. நீ ஜெயிச்சு லாரியை நிறுத்திட்டா எங்க கதி என்ன? ஊர்ப் புள்ளைங்களைப் பத்தி நினைச்சியே, வீட்டுல உன் கொழுந்தன் வேலை இல்லாம சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தானே, அதை நினைச்சியா?"

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனேடி."

"ஒதுங்கியிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்னை?"

"என் பேருல நின்னுட்டியே."

"உன் பேரா? எனக்கும் அதான்க்கா பேரு. உனக்குன்னு பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா?"

பெரியவ அந்தக் கையை விட்டா. அப்புறம் நின்னு நிதானமா, "சரிங்க. நீங்க போங்க"ன்னா. இத்தனை வருஷமா வாடி போடின்னு சொன்ன வாய். 'நீங்க'ன்னதும் சின்னவ மூஞ்சி அறை வாங்கின மாதிரி ஆயிடுச்சு. திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பா.

வீட்டுல புருஷன்கிட்ட சொல்லி அழுதா. அவர் தட்டுல இருந்து தலை தூக்கல. "விடு, சின்னப் பொண்ணு, புத்தி கெட்டுப் பண்ணிட்டா. ஜனங்களுக்கு ஆள் தெரியாதா?"ன்னாரு. அவளும் அதைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. மறுபடியும் தெருத் தெருவா நடந்தா. "கடைசிப் பேரும்மா, கடைசிப் பேரு. மேல இருக்கிறது நான் இல்ல." கேட்டவங்க சிரிச்சாங்க. "என்ன வேன்காரக்கா, குடும்பத்தோட நிக்கிறீங்களாமே? ஜெயிச்சா ஒரே நாற்காலியில ரெண்டு பேரும் எப்படி உக்காருவீங்க?"ன்னு ஒரு பெரிய மனுஷர் கேலி. பாதிப் பேருக்கு விஷயமே மண்டையில ஏறல.

நடந்து நடந்து கால் வீங்கினதைவிட அந்த நோட்டீஸ்தான் அவளை அரிச்சுது. எறும்பு மாதிரி போட்டிருந்த அந்தப் பேரு. அப்பவே திட்டம் போட்டாளா, இல்ல நல்ல மனசுலதான் அப்படிப் போட்டாளா? அடுப்படியில 'நீயே உக்காந்துக்கோயேன்'னு சொன்னதும் நடிப்பா? ஒரு துரோகம் முன்னாடி நடந்த நல்லதையெல்லாம்கூட அழுக்காக்கிடுது பாருங்க. எது எதுல கை பட்டிருக்கோன்னு ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாக்கணும்.

ஓட்டு எண்ணினாங்க. மில்லுக்காரர் ஜெயிச்சாரு. பெரியவ தோத்தது எவ்வளவுலங்கிறீங்க? ஒரு வேன்ல ஏத்துற ஜனம், அவ்வளவே. சின்னவளுக்கு மூணு வேன் நிறைய ஓட்டு. தனக்குன்னு ஒரு வாசல்படி ஏறல, ஒருத்தரைப் பாத்துக் கும்பிடல.

மறுநாள் காலையில பெரியவ வேனை எடுத்தா. தோத்தாலும் புள்ளைங்களுக்கு ஸ்கூல் உண்டே. மொத ஸ்டாப்புலயே ஒரு அம்மா ஓடிவந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அக்கா, மனசே ஆறல. எங்க வீட்டுல எல்லா ஓட்டும் உங்களுக்குத்தான். சீட்டைப் பிரிச்சதும் மொதல்லயே உங்க பேரு! பட்டுன்னு குத்திட்டோம்."

என்ன சொல்றது? "நன்றிம்மா"ன்னா. அடுத்த ஸ்டாப்புலயும் அதேதான். "மொதப் பேருக்கா!" பெருமையா வேற சொல்றாங்க. அவளும் தலையை ஆட்டி ஆட்டி, வழியெல்லாம் தன்னைத் தோக்கடிச்சவங்களுக்கு நன்றி சொல்லிக்கிட்டே போனா. முக்குல ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டுத் திரும்பிச்சு. இவதான் பிரேக்கை அழுத்தினா.

புள்ளைங்களை இறக்கிட்டு வீட்டுக்கு வந்தா, வாசல்ல கொழுந்தன் மில்லுச் சட்டையில நிக்கிறான். காலர் மடிப்புகூடக் கலையாத புதுச் சட்டை. இவளைப் பாத்ததும் நெளிஞ்சான்.

"அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஆனா அண்ணனே கூட வந்து மில்லுல பேசி முடிச்சதுக்கப்புறம் நான் எப்படி வேணாங்கிறது?"

"யாரு கூட வந்தது?"

"அண்ணன்தான்." சொன்னப்புறம்தான் அவனுக்கு உறைச்சுது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணி."

பெரியவ உள்ள போனா. புருஷன் கடைக்குக் கிளம்பி, குனிஞ்சு ஷூவுக்குக் கயிறு கட்டிக்கிட்டு இருந்தாரு.

"ஏங்க, மில்லுக்குப் போனீங்களா?"

அவர் முடிச்சை அவிழ்த்துட்டுத் திரும்பக் கட்டினாரு. "தம்பி வாழ்க்கைடி. நீ ஜெயிச்சாலும் மில்லுக்காரன் ஒரு சிக்னல் போட விடுவானா? சும்மா வீம்பு. குடும்பம் ரெண்டா உடையக் கூடாதுன்னுதான்..."

"சின்னவ நிக்கப் போறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் முடிச்சை இன்னும் இறுக்கினாரு.

"அன்னைக்கு நான் அழுதப்போ தெரியாத மாதிரி சாப்பிட்டீங்க."

"ஆனா ஓட்டு உனக்குத்தான் போட்டேன். சத்தியமா உன் பேருக்குத்தான் போட்டேன்."

பெரியவ அவர் முன்னாடி குத்தவச்சு உக்காந்தா, மூஞ்சியைப் பாக்கணும்னு.

"எந்தப் பேருக்குங்க? மேல இருந்ததுக்கா, கீழ இருந்ததுக்கா?"

மனுஷன் நிமிரவே இல்ல. கட்டி முடிச்ச கயித்தையே தடவிக்கிட்டு இருந்தாரு.  வாசல்ல கொழுந்தன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு மெதுவா நழுவுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவ எழுந்து, வேன் சாவியை எடுத்துக்கிட்டு வெளிய போனா. ஸ்கூல் விட இன்னும் ரொம்ப நேரம் கிடந்துச்சு. இருந்தாலும் போய் முக்குல வேனைக் குறுக்க நிறுத்திட்டு, ஸ்டீயரிங்ல கை வச்சபடி உக்காந்துக்கிட்டா. பின்னாடி லாரிங்க வரிசையா நின்னு ஹாரன் அடிச்சுது. அடிக்கட்டும்னு உக்காந்திருந்தா.

கதை இவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டுலயும் கூட இருந்தே குழி பறிச்சவங்க இருப்பாங்களே? ஊர்க்காரங்க கைவிட்டது வேற, ஒரே தட்டுல சாப்பிட்டவங்க கைவிட்டது வேற. அப்புறம் நீங்க அவங்ககூடப் பேசினீங்களா, இல்ல 'நீங்க'ன்னு சொல்லிட்டு நகந்துட்டீங்களா? எனக்கு எழுதிப் போடுங்க. எழுத்துப் பிழையெல்லாம் யாரு பாக்கப் போறா, மனசுல இருக்கிறதை அப்படியே கொட்டுங்க.