இன்ஸ்பெக்டர் கேட்காத பெயர்

ஜீப் ஏற்றத்தில் திணறி ஏறும் சத்தம் கேட்டதும் சகாயராணியின் கையிலிருந்த பேரிக்காய் வழுக்கித் தொட்டியில் விழுந்தது. பூண்டியிலிருந்து காய் ஏற்றி வரும் லாரியின் சத்தம் வேறு. இது மதுரை ஜீப்பாகத்தான் இருக்க வேண்டும். சீக்கிரம் வரவேண்டும் என்று தினமும் மாதாவிடம் வேண்டிக்கொண்டவளுக்கு, வந்ததும் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மனசு அப்படித்தான், கேட்டதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கும்.

அந்த ஜாம் கம்பெனியில் தோல் சீவுவது, வேகவைப்பது, பாட்டிலில் அடைப்பது எல்லாம் ஒரே கூடத்தில்தான். நீராவிக் குழாய் ஓடும் சுவரில் ஒரு பின்கதவு உண்டு. பெண்கள் அதன் வழியாக ஜாம் பாட்டிலைக் கடத்துகிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம் வந்த நாளிலிருந்து அதற்கு வெளிப்பக்கம் பூட்டு. போன மாதம் குழாய் வெடித்து ஆவி பீறிட்டபோது, பக்கத்தில் நின்ற லீமா அந்தக் கதவைத்தான் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. வீட்டில் வெந்நீர் கொட்டியதாக ஆஸ்பத்திரியில் சொல்லும்படி கம்பெனியில் சொன்னார்கள், அவளும் சொன்னாள். பூட்டு மட்டும் தொங்கியபடியே இருந்தது. அந்தத் தட்டும் சத்தம் சகாயராணிக்குத் தூக்கத்திலும் கேட்டது.

வத்தலக்குண்டில் சித்தி மகளுக்கு நிச்சயம் என்று லீவு சொல்லிவிட்டு, சகாயராணி புகார் சொல்ல மதுரைக்கே போய்விட்டாள். பாக்டரி இன்ஸ்பெக்டர் நல்லசாமி அவளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"யாரு சொன்னாங்கன்னு நாங்க வெளிய சொல்லக் கூடாதும்மா. புகார் வந்துதான் வந்திருக்கோம்னே காட்டிக்கக் கூடாது. சட்டமே அப்படித்தான்."

"வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா, சார்? கம்பெனி வீட்லதான் குடியிருக்கோம்."

"யாருன்னு தெரிஞ்சாத்தான நிறுத்துவாங்க? தைரியமா போங்க."

அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு மலையேறினாள். புருஷன் உபகாரத்திடம்கூட மூச்சு விடவில்லை. ஏரிக்கரையில் டாக்சி ஓட்டுகிறவனிடம் ஒன்றைச் சொன்னால், மறுநாள் ஊட்டிக்காரனுக்கும் தெரிந்துவிடும்.

நல்லசாமி உள்ளே வந்தார். கூடவே மானேஜர் பரமானந்தம், கையைக் கட்டிக்கொண்டு. வருஷா வருஷம் வருகிற சோதனைதான் என்பதுபோல் நல்லசாமி கூரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், குடிதண்ணீர்ப் பானையைத் திறந்து மூடினார். பிறகு பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

"பேரு என்னம்மா?"

"ஜக்கம்மாளுங்க."

"எந்த ஊரு?"

"வடகவுஞ்சிங்க."

அடுத்தவள் கித்தேரியம்மாள். அதற்கு அடுத்தவள் சகாயராணி. முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது வாயைத் திறந்தும்விட்டாள். நல்லசாமி நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்துகொண்ட கண்கள் ஒரு நொடி தடுமாறின. சட்டென்று அவளைத் தாண்டிப் போய், அடுத்து கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த லீமாவின் முன் நின்றார்.

"பேரு என்னம்மா?"

நல்ல மனுஷர்தான். நடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பேசினால் எங்கே முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தில், சகாயராணி இருந்த பக்கமே திரும்பவில்லை. சீவிக்கொண்டிருந்த கத்திகள் நின்றன. முதலில் ஜக்கம்மாள் அவளைப் பார்த்தாள், பிறகு கித்தேரி. கடைசியாக பரமானந்தம் பார்த்தார்.

"ஒருத்தர விட்டுட்டீங்களே, சார்" என்றார் மெதுவாக.

"போதும், போதும்." நல்லசாமி கைக்குட்டையை எடுத்தார். "அந்தக் கதவை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க? தொறங்க மொதல்ல."

கதவு முனகிக்கொண்டு திறந்தது. மலை மஞ்சு புகைபோல உள்ளே வந்தது. வேலை நேரத்தில் இனி பூட்டினால் கேஸ் போடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு நல்லசாமி ஜீப்பில் ஏறினார். பேரைக் கேட்டிருந்தால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்று சகாயராணிக்கு ஆத்திரமாக வந்தது. ஓடிப்போய் ஜீப்பை மறித்துக் கேட்கலாம் போலவும் இருந்தது.

ஜீப்பை வழியனுப்பிய பரமானந்தம் நேராக அவளிடம் வந்தார்.

"வத்தலக்குண்டு நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுதா, ராணி?"

"முடிஞ்சுதுங்க."

"சாயந்தரம் போறப்ப ஆபீசுக்கு வந்துட்டுப் போ. நீங்க இருக்கிற வீடு விசயமா பேச வேண்டியது கெடக்கு."

அவர் போனதும் கித்தேரி தன் கூடையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அவளோடு சேர்ந்து பூசைக்குப் போகிறவள், அவள் மூத்த மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. மஞ்சு மேசை வரைக்கும் வந்துவிட்டது.

"குளிரு தாங்கலத்தா" என்றாள் ஜக்கம்மாள், யாரிடம் என்றில்லாமல். "அந்தக் கதவை வெரசா சாத்துனா என்ன?"

சகாயராணி எழுந்திருக்கவில்லை. அவள் கையால் அதைச் சாத்த முடியாது. வேறு யாராவது சாத்தினால் தடுக்கவும் தெம்பில்லை.

லீமா எழுந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்குப் போனாள். பூட்டி வைத்திருந்தபோது தட்டிய அதே கதவு. அதை முழுசாகச் சுவரோடு தள்ளினாள். பிறகு, பேரிக்காய் நிறைந்த மரப்பெட்டி ஒன்றை இடுப்பால் முட்டி முட்டி நகர்த்திக்கொண்டு போய்க் கதவு சாத்திக்கொள்ளாதபடி அண்டைக் கொடுத்தாள்.

திரும்பி வந்தவள் தன் இடத்துக்குப் போகவில்லை. கித்தேரி விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தாள். தொட்டிக்குள் இடது கையை விட்டு ஒரு காயை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, சகாயராணியின் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தாள்.